மதினியின் அஞ்சனக்கல்

மதினி வாங்கி வந்த அஞ்சனக்கல் கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். ஆனால் கையில் வைத்தால் உள்ளங்கை இறங்கும் கனம். கருத்த வெள்ளி போன்ற பளபளப்பு. கீழே விழுந்து உடைந்தால்கூடக் கோணல்மாணலாகச் சிதறாது, சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாகத்தான் பிரியும். எங்கள் ஊர் மடவார் வளாகத்து வீட்டில் மதினி அதைச் சந்தனக்கல்லில் உரசி, நெய்யில் குழைத்துப் பிள்ளையின் கண்ணுக்கு மையாக இடுவார். இரண்டு கரு கலைந்தபின் தங்கிய பிள்ளை அவன். "கண்ணு குளுந்து கெடக்கும், ஊருக் கண்ணும் படாது" என்பார்.

ஒன்றரை வயதில் அவன் பேசிய நாலு சொல்லும் நின்றுபோயின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான், சோறு தங்காது. திருஷ்டி என்று நினைத்த மதினி மையை இன்னும் அழுத்தி இட்டார். பிள்ளை மெலிய மெலிய மை கூடியது.

மதுரையில் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஈயம் ஏறியிருக்கிறது என்றார். அண்ணனுக்கு ராஜபாளையத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. "என் உடுப்புல ஒட்டி வந்திருக்குமோ?" என்று டாக்டரிடம் கேட்டார். அங்கேயே குளித்து, உடுப்பை மாற்றித்தான் வருவார் என்று தெரிந்ததும் டாக்டர் என்னிடமும் அண்ணனிடமும் தனியாக மையைப் பற்றி விசாரித்தார். மறுநாள் நானும் அண்ணனும் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சோதித்ததில், அஞ்சனக்கல் என்று கடையில் கொடுத்தது கலீனா, ஈயத்தின் தாது என்று தெரிந்தது. பூமிக்கடியில் கொதிக்கும் நீர் ஈயத்தையும் கந்தகத்தையும் சுமந்து வந்து, பாறை வெடிப்புகளில் ஆறி, இப்படிக் கல்லாக உறையுமாம். பேட்டரிக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் ஈயம் எடுப்பது இதிலிருந்துதானாம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன், "ஏட்டி, அவகிட்ட சொல்லிராத. உசுர வச்சிருக்க மாட்டா" என்றார். பட்டறைத் தூசியால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று மதினியிடம் சொன்னார். வேலையை விட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைமேல் இருக்கும் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி மையையும் நிறுத்திவிட்டார்.

உயிர் தங்கியது, பேச்சு வரவில்லை. மீசை அரும்பிய பிறகும் அண்ணன்தான் அவனுக்கு ஊட்டிவிட்டார். "ஈயத்தச் சொமந்துட்டு வந்து எம்புள்ள வாயக் கட்டுன மனுசன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மதினி சொல்வார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். எனக்கு நாக்கு நுனி வரை வரும். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

போன தை மாதம் மதினி இறந்தார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. கடைசியாக நினைவு இருந்தபோது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளய இப்படி ஆக்குனது நீங்க. இனிமே அவன நீங்கதான் பாக்கணும்" என்றார்.

"ஆமா, நாந்தான். பாத்துக்கிடுதேன். நீ செத்த நேரம் தூங்கு" என்றார் அண்ணன்.