வெற்று அசைகள் பன்னிரண்டு

கிருபை இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போட்ட கார்டு திரும்பி வந்தது, அவ்வளவுதான். விலாசத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் விழுப்புரம் தபால்காரரின் எழுத்தில், 'விலாசதாரர் காலமாகிவிட்டார்' என்று இருந்தது. திண்டிவனத்தில் எங்கள் பள்ளி வராந்தாவில் இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது அதை வாங்கினேன். "சொந்தமா டீச்சர்?" என்று தபால்காரர் கேட்டார். "கூடப் படிச்சவங்க" என்றேன். பிறகு வகுப்புக்குப் போய் வகுத்தல் கணக்கு நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன். பிள்ளைகள் வெளியே போன பிறகுதான் கார்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் கார்டில் சேதி ஒன்றும் கிடையாது. அர்த்தமில்லாத அசைகள் பன்னிரண்டும், கீழே 'எப்போதும்போல்' என்ற ஒரு சொல்லும். மன்னிப்புக் கேட்க உட்கார்ந்து, வாய் வராமல் எழுதிய கார்டு அது. எதற்கு மன்னிப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விழுப்புரத்தில் அவளிடம் படித்தவர்களும் அவளோடு வேலை பார்த்தவர்களும் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் கிருபை டீச்சர். நானும் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் நாங்கள் இருவரும் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தது ஒரே வருஷம். அவள் வளவனூர்ப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் காணி நிலம் உள்ள வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் தாலி அறுத்து, அண்ணன் வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாமென்று படிக்க வந்தவள். கல்வி மனோதத்துவம் என்று ஒரு பாடம். இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்து ஆசிரியர் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். கவனம் என்றால் இன்னது, பழக்கம் என்றால் இன்னது, களைப்பு என்றால் இன்னது. நான் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். கிருபை ஒப்பிக்க மாட்டாள். "கண்ணால பாக்காத வார்த்தைய நோட்டுல ஏத்தாதே ராஜம்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பழக்கம் என்ற பாடம் நடந்த அன்று மத்தியானம் விடுதியில் சாப்பாடு. நான் வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு அவளிடமிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பழக்கம்னா இன்னான்னு காலைல கேட்டாரே, நீ தப்பில்லாம சொன்னியே. இப்ப தட்டைத் தூக்கிக்கினு அங்க போய் உக்காந்தியே, யோசிச்சா போன? அதான் பழக்கம். நான் பாத்துட்டேன், நோட்டுல ஏத்திக்கிறேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் தீயாக எரிந்தது. உடனே எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய். மூன்று நாள் ஆயிற்று.

அப்புறம் மறதி என்ற பாடம் வந்தது. அர்த்தமுள்ளதை மனம் எப்படியாவது பிடித்துக்கொள்ளும். ஆகையால் மறதியை அளக்க வேண்டுமானால் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, நாள் கழித்து எத்தனை மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியர். முதல் நாளிலேயே பாதிக்குமேல் போய்விடும், பிறகு மெதுவாகப் போகும் என்று கரும்பலகையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கிருபைக்கு அந்தக் கோட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. "நாமளே பாத்துடலாமே" என்றாள்.

படிப்பு முடிந்து அவள் விழுப்புரத்துக்கும் நான் திண்டிவனத்துக்கும் வேலைக்குப் போனபோது இதைப் பேசி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கைக்குக் கிடைக்கும்படி ஒருத்திக்கு ஒருத்தி பன்னிரண்டு வெற்று அசைகளை எழுதிக் கார்டு போடுவது. வந்த கார்டை, தவறில்லாமல் இரண்டு தரம் சொல்ல வரும்வரை படிப்பது. பிறகு கார்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும்; திரும்பப் பார்க்கக் கூடாது. ஏழாம் நாள் நினைவில் மிஞ்சியதை எழுதி, புதிய பன்னிரண்டோடு அனுப்ப வேண்டும். இதுதான் விதி. நல்ல வாரமென்றால் ஆறு மிஞ்சும். மோசமான வாரமென்றால் மூன்று. பத்து வருஷத்துக்கு மேல் இது நடந்தது. யுத்த காலத்தில் கார்டு கிடைக்காமல் போன வாரங்களைத் தவிர ஒரு வாரமும் தவறவில்லை.

தமிழில் அர்த்தமில்லாத அசை கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. ஒருமுறை 'சூய்' என்று ஒன்றை அனுப்பினேன். 'எங்க ஊரில் கோழி விரட்டும் சத்தம் இது. அர்த்தம் உண்டு. செல்லாது' என்று கார்டு வந்தது. அதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அண்ணன் வீட்டில் நான் சிரிப்பது அபூர்வம். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேர ரயில்தானே, ஏன் கார்டு என்று கேட்பீர்கள். கிருபையை ஒரு நாளும் நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும், எழுதக் கூசுகிறது. அவள் வந்தால் திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து பேசுவோம். அடுத்த வண்டிக்கு அவள் போய்விடுவாள். அவள் வீட்டுக்கு நானும் போனதில்லை. ஒருமுறை கூப்பிட்டாள். தலைவலி என்று எழுதிவிட்டேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வந்தாள். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு நடக்கிற பள்ளி அது. இரண்டாம் வகுப்பில் பச்சையம்மாள் என்று ஒரு பெண்; கேள்வி கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். பதிவேட்டில் அவள் பேருக்கு நேராக 'மந்தபுத்தி' என்று எழுதியிருந்தேன். கிருபை அதைப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்னவோ குசுகுசுவென்று பேசினாள். சற்று நேரத்தில் அந்தப் பெண் நாலாம் வகுப்பின் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொல்லத் தொடங்கினாள். "பக்கத்து வகுப்புக்கு நடத்தினதெல்லாம் புடிச்சி வெச்சிக்கினு இருக்கா. உன் வகுப்புலதான் பயந்துக்கினு இருக்கா. சும்மா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறவங்கதாண்டி ஜாஸ்தி கத்துக்கறாங்க" என்றாள் கிருபை. ஸ்டேஷனுக்குப் போகும்போது, "போன வாரம் உனக்குப் பன்னண்டுல எட்டு மறந்து போச்சே, நான் உன்னை மந்தம்னு எழுதினேனா?" என்றும் கேட்டாள். அன்று சாயங்காலம் அந்தச் சொல்லை அடித்தேன். அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷக் கடைசியில் அவள் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நான்கு, மூன்று, பிறகு ஒன்று. இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. எழுத்தும் கோணலாகிக்கொண்டு வந்தது. ஆர்வம் போனால் கவனம் போகும், கவனம் போனால் நினைவு போகும் என்று நாங்கள் படித்ததுதானே? எண்ணிக்கை எழுதி வரும் நோட்டில் அவள் பேருக்கு நேராக 'ஆர்வக் குறைவு' என்று குறித்தேன். என்னைவிட்டு விலகுகிறாள், வேறு சிநேகிதம் கிடைத்துவிட்டது என்று மனசு வெந்தது. அந்த வாரப் பன்னிரண்டின் கீழே, 'உனக்குக் கவனம் இல்லை. இஷ்டமில்லாவிட்டால் நிறுத்திவிடலாம்' என்று எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது. பன்னிரண்டு அசையும் இருந்தன, வரிசை மாறாமல். எனக்குப் புதிய பட்டியல் மட்டும் இல்லை. ஏழாம் நாளில் பன்னிரண்டு யாருக்கும் மிஞ்சாது. பத்து வருஷத்தில் எங்கள் இருவருக்கும் மிஞ்சியதில்லை. கோணல் எழுத்து வேறு. அவசரமாகப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். 'பார்த்து எழுதியதற்கு நன்றி. இத்தோடு போதும்' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அதில் அசை ஒன்றும் எழுதவில்லை.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளை என்னால் விவரிக்க முடியாது. வீட்டில் ஆறு பேர். ஒருவரோடும் எனக்குப் பேச்சு இல்லை. தபால்காரர் தெருவில் வரும்போது வாசலில் நிற்பேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார். ஐந்தாம் வாரம் மானத்தை விட்டுத்தான் அந்த 'எப்போதும்போல்' கார்டைப் போட்டேன். அதுதான் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். ஜங்ஷனுக்குப் பின்னால் அவள் குடியிருந்த தெருவில் முதன்முதலாகக் கால் வைத்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை, பிளாட்பாரத்தில் மல்லாட்டைக் கடலை வேகவைத்து விற்கிறவள், கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "திண்டிவனத்தம்மாவா நீங்க? ஐயே! எழுதத் தெரிஞ்சிருந்தா நானே ஒரு கார்டு போட்டிருப்பேனே" என்று அழுதாள். பிறகு உட்கார வைத்துச் சொன்னாள்.

"ஆறு மாசமா தலநோவும்மா. மூளையில கட்டின்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. எல்லாம் மறந்துக்கினே வந்தது. என்னியே ஒரு நாளு யாரும்மா நீன்னு கேட்டாங்க."

"எனக்கு ஏன் எழுதல?"

"நானும் கேட்டேன். 'அவ பயந்துக்குவா, வேணாம்'னாங்க. உங்க கார்டு ஒண்ணு வந்துது பாருங்க, அந்த வாரம் இருக்கே, ஒரே பேஜாரு. தண்ணி எறைக்கறப்ப சொல்றாங்க, கேப்பைக் களி கிண்டறப்ப சொல்றாங்க, இன்னாமோ புரியாத வார்த்தையா சொல்லிக்கினே இருக்காங்க. ஒண்ணு தவறிப்போச்சுன்னா மொதல்லேர்ந்து. இன்னாத்துக்கு டீச்சரம்மா இந்தத் தொல்லைன்னேன். 'திண்டிவனத்துல எனக்கு ஒருத்தி இருக்கா. மறந்துட்டேன்னா இனிமே எழுத மாட்டா'ன்னாங்க."

அதற்குப் பிறகும் கேட்டேன், அற்ப ஜென்மம் நான். "கார்டைப் பாத்து எழுதலையா?"

"கார்டு என்னாண்ட இல்ல இருந்தது? 'நான் கெஞ்சினாலும் சனிக்கெழம வரைக்கும் குடுக்காதே'ன்னு மொத நாளே குடுத்துட்டாங்க. தவறினா நான்தான் அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கு வந்துடுச்சே."

சொல்லிவிட்டு, கூடையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் கொட்டிக்கொண்டே, நான் எழுதி அனுப்பிய பன்னிரண்டையும் அஞ்சலை சொன்னாள். ஒரு எழுத்து தெரியாதவள். எழுதிய எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது.

"அதுக்கு அடுத்தாப்பல ஒரு கார்டு வந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"வந்துது. அப்ப கண்ணு சுத்தமா போயிடுச்சி. கையால தடவிப் பாத்து, 'ராஜம் எழுதிட்டா'ன்னு சிரிச்சாங்க. தலகாணிக்கு அடியிலயே வெச்சிக்கினு இருந்தாங்க. எடுத்தா கோவிச்சிக்குவாங்க. அடக்கம் பண்றப்ப அவங்க கையிலயே வெச்சு அனுப்பிட்டோம்."

அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

கிருபை சொன்னபடி நடக்கவில்லை நான். ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தவளைக் கண்ணால் பார்க்காமல் நோட்டில் ஒரு சொல்லை ஏற்றினேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். பூட்டி வைத்த அவள் கார்டுகளைத் தவிர, அவள் நினைவாக என்னிடம் வேறு பொருள் கிடையாது. என் கார்டுகள் இருந்த அவள் பெட்டியைத் திருச்சபையில் வாங்கிக்கொண்டார்கள். அஞ்சலை வாயால் கேட்டு நான் கற்றுக்கொண்ட பன்னிரண்டு மட்டும் மனசில் இருக்கின்றன. ஏழு வாரம் ஆகிறது. எதையும் நான் எழுதி வைக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

கௌப், லெச், நூவ், மௌட், ரைப், தௌர், பெள், ஞூல், ரோண், யோத், சௌல், பொஞ்.