குடை கீறிய மட்டை

விளையாட்டில் கள்ளம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நான் செய்தால் மட்டும் அது கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் உச்சத்தில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு விளையாட்டை நானே கண்டுபிடித்து, அதில் அம்மாவைத் தோற்கடித்தும் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் கண்டியில், பேராதனை வீதிக்கு மேலே ஒரு மேட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பாவுக்குக் கல்விக் கந்தோரில் வேலை. தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடவென்று மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில் அலைவார். தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய அன்று காலையும் குடையும் பையுமாகப் புசல்லாவைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். மத்தியானம் டவுன் பக்கம் புகை எழுந்தது. பக்கத்து முஸ்லிம் வீட்டு உம்மா பின்வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார். அடுப்பை அணைக்க மட்டும் நேரம் கொடுத்து, அம்மாவையும் என்னையும் தம்பியையும் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அந்த வீட்டு வாப்பாவுக்கு டவுனில் புடவைக்கடை. கடைக்குப் போக வேண்டிய சேர்ட் பெட்டிகளும் துணிக்கட்டுகளும் பின்னறையில் கூரை முட்ட அடுக்கியிருந்தன. எங்களுக்கு அந்த அறைதான். சத்தம் போடக்கூடாது, யன்னல் பக்கம் போகக்கூடாது. அவர்களுடைய மகள் என் வயதுக்காரி. வேலிக்கு மேலால் தினமும் சண்டை பிடிக்கும் அளவுக்கு நாங்கள் சிநேகிதிகள்.

போன கையோடு உம்மா அம்மாவைக் குசினிக்குள் கூட்டிப்போய் மெல்ல ஏதோ சொன்னார். திரும்பி வந்த அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை. சேலைத் தலைப்பு முக்காடாகத் தலையில் ஏறியிருந்தது.

ஊரில் பெரியப்பா செத்தபோது பெரியம்மாவின் பொட்டை அழித்ததை நான் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். பொட்டை எதற்காக அழிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா செத்துப்போனார். செய்தி வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறார்கள். இப்படி முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில், யாராவது உள்ளே எட்டிப்பார்த்தால் அம்மாவும் அந்த வீட்டுப் பெண்ணாகத் தெரியவேண்டும் என்பதற்காக உம்மா சொன்ன யோசனை அது. அதை எனக்கு விளக்கிச் சொல்ல அன்று யாருக்குத்தான் நேரம் இருந்தது?

"அம்மா, அப்பா எங்கை?"

"வருவார். பேசாமல் இரு."

எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில். மறுநாளும் அதுதான், அதற்கடுத்த நாளும் அதுதான். நான் குசினிப் பக்கம் போனால் அம்மாவும் உம்மாவும் கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியிடம் சொல்லவும் முடியவில்லை. அவனுக்கு ஐந்து வயது, ஓட்டைவாய். சொன்னால் வீடே கேட்க அழுவான்.

நேராகக் கேட்டால் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். விளையாட்டில் மாட்டினால் சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்படி வந்ததுதான் அந்த விளையாட்டு.

சேர்ட்டுக்குள் வைத்து மடிக்கும் வெள்ளை மட்டைகள் அந்த அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நானும் சிநேகிதியும் அவற்றைக் கத்தரிக்கோலால் உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது உம்மா வந்துவிட்டார்.

"கடதாசி வெளாட்டா? அது எங்கட வூட்டுல இல்ல மகள். வாப்பா கண்டா ஏசுவாரு. சூது அது."

"காசு வைக்க மாட்டம் உம்மா. ராசா, ராணி ஒண்டும் இல்ல," என்றாள் சிநேகிதி.

உம்மா கொஞ்சம் யோசித்தார். வெளியே ஓடிவிடாமல் நாங்கள் ஓரிடத்தில் குந்தியிருந்தால் போதும் என்று நினைத்திருப்பார். "அப்ப ஆள் மொகம் கீறாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முகம் கீறக்கூடாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைப் பென்சிலால் படமாகக் கீறினோம். உம்மாவுக்கு அகப்பை. வாப்பாவுக்குத் துணி அளக்கும் கோல். அம்மாவுக்குத் தையல் மெஷின், அதைக் கீறத் தெரியாமல் அது ஆடு மாதிரி வந்தது. தம்பிக்குப் பால் போத்தல் என்றதும் அவன் கோபித்து, லொறி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். அப்பாவுக்குக் குடை. அதை நான்தான் கீறினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை.

சட்டம் இதுதான். மட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஒன்றை எடுக்கவேண்டும். அதற்குரிய ஆள் இந்த நேரம் எங்கே, என்ன செய்கிறார் என்று சொல்லவேண்டும். ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்து வருவார். சரியென்றால் மட்டை எடுத்தவருக்கு. பொய்யென்றால் கையிலிருக்கிற மட்டை முழுவதையும் பறிகொடுக்கவேண்டும். அகப்பையும் கோலும் நன்றாக ஓடின. உம்மா தேங்காய் துருவுகிறார், வாப்பா ரேடியோவுக்குக் காது கொடுத்திருக்கிறார் என்று ஒரு மத்தியானம் முழுவதும் ஓடியோடிப் பார்த்தோம்.

தம்பிதான் பிழையைக் கண்டுபிடித்தான். "அப்பாவை ஆர் ஓடிப்போய்ப் பாக்கிறது?"

நான் அவசரமாக ஒரு புதுச் சட்டம் போட்டேன். வீட்டில் இல்லாத ஆளென்றால் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். சொல்லும்போது கண் இமைத்தால் பொய்.

"இமைக்காம யாரால ஈக்க ஏலும்?" என்று சிநேகிதி சண்டைக்கு வந்தாள். விளையாட்டு என்னுடையது, பிடிக்காவிட்டால் போ என்றேன். அவளுடைய வீட்டில் இருந்துகொண்டு, அவளுடைய மட்டையை வைத்துக்கொண்டு.

பின்னேரம் அம்மா அறைக்குள் வந்தபோது மட்டைகள் தயாராக இருந்தன. குடையை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். விளையாட வரச்சொல்லிக் கேட்டேன். அம்மா தலையிடி என்றார். பின்னால் வந்த உம்மா, "புள்ளைகளோட கொஞ்சம் குந்துங்க. அங்கின இங்கின நடந்து என்ன ஆகப்போகுது?" என்று தோளைப் பிடித்து இருத்தினார்.

அம்மா மேல்மட்டையை எடுத்துத் திருப்பினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். இமைக்கக்கூடாது கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். பொய் பிடிக்கப் போட்ட விளையாட்டில் பொய் அகப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"புசல்லாவையிலை," என்றார் அம்மா. "தோட்டத்து மாஸ்டர் வீட்டிலை."

"என்ன செய்யிறார்?"

"கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். சீனி காணாது. கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு குடிக்கிறார்."

"குடை?"

"பஸ்ஸிலை விட்டிட்டார். வழக்கம்தானே."

அம்மா இமைக்கவே இல்லை. என் முகத்தை நேரே பார்த்தபடி சொன்னார். சீனி கேட்க வெட்கப்படுகிறவர் அப்பாதான், குடையைத் தொலைக்கிறவரும் அப்பாதான். செத்தவர் தேத்தண்ணி குடிப்பாரா? எனக்கு உடம்பெல்லாம் இலேசானது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சும்மா எங்களைப் பயப்படுத்தியிருக்கிறார் என்று கோபமும் வந்தது. உம்மா ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். அன்று நான் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றேன். அம்மா தன் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை.

பிறகு ஒரு நாள் ஊரடங்கைச் சில மணிநேரம் எடுத்தார்கள். வாப்பா கடை வேனை எடுத்துக்கொண்டு, அப்பாவின் பஸ் போன வழியே விசாரித்தபடி கம்பளைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது துணிக்கட்டுகளுக்கு அடியிலிருந்து அப்பா எழும்பினார். தாடி, இடுப்பில் யாருடையதோ சாரம், காலில் செருப்பில்லை. தம்பி அவரை அடையாளம் தெரியாமல் அழுதான். அம்மா அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், சோறு போட்டார். நெற்றி இன்னும் வெறுமையாகவே இருந்தது. அப்பா முன்னால் இருந்து சோறு தின்கிறார், அம்மாவுக்குப் பொட்டில்லை. இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை.

அப்பா தின்றபடியே மெல்லச் சொன்னார். பஸ்ஸைக் கலவரக்காரர்கள் கம்பளைக்கு முன்னாலேயே மறித்துவிட்டார்கள். இறங்கி ஓடி, ரயில்வே ஸ்டேஷனுக்குள் புகுந்திருக்கிறார். அங்கே வேலை செய்த ஒரு சிங்களவர் அவரைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியால் பூட்டுப் போட்டிருக்கிறார். அத்தனை நாளும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில், அந்த மனிதர் கொண்டுவந்த பாண் துண்டும் பைப் தண்ணியுமாக இருந்திருக்கிறார். புசல்லாவையை அவர் கண்ணாலும் காணவில்லை.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குச் சூடு ஏறியது.

"அப்ப தேத்தண்ணி?" என்றேன்.

"என்ன தேத்தண்ணி?" என்றார் அப்பா.

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். "நீங்கள் பொய் சொன்னனீங்கள். மாஸ்டர் வீடு எண்டு பொய் சொன்னனீங்கள். உங்கடை மட்டை எல்லாத்தையும் தாங்கோ."

அம்மா உள்ளே போய், பெட்டிகளுக்கு மேலிருந்த மட்டைகளை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தி, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் தோளெல்லாம் குலுங்க அழுதார். அப்பா சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். வாப்பா முற்றத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோற்பது எனக்கும் பிடிக்காதுதான். கிட்டப் போய் அவருடைய முழங்காலைத் தொட்டேன்.

"அழாதையுங்கோ அம்மா," என்றேன். "அடுத்த ஆட்டத்திலை நீங்கள் வெல்லலாம்."