சிவப்புப் பென்சிலும் மூணாம் நம்பர் பிரஸ்ஸும்

கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், படிக்கிறதுதான் வேலை. பைலோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பாக்டரியில் பர்சனல் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தேன். தொழிலாளர் எழுதுகிற எல்லாக் கடிதமும் என் மேஜைக்குத்தான் வரும். எழுதினவர் நம்மை என்ன செய்யச் சொல்கிறாரோ, அந்த வரிகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். அவர் மனசு அங்கேதான் இருக்கும். மேனேஜர் சிரிப்பார். சிரிக்கட்டுமே!

மொட்டைக் காய்ச்சல்

பெயிண்ட் ஷாப் முனுசாமி, காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு கேட்டிருந்தார். சிவப்புக் கோடு விழுந்ததோ கடைசி வரியில்: 'திரும்பி வரும்போது தலையில் முடி இருக்காது, கேட்டில் செக்யூரிட்டி தடுக்காமல் சொல்லி வைக்கவும்.' எந்தக் காய்ச்சலில் ஐயா இரண்டே நாளில் முடி கொட்டும்? குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை வேண்டுதலாகத்தான் இருக்கும் என்று நானே மேனேஜரிடம் சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே வந்து நின்றார் முனுசாமி. "காய்ச்சல்னாதான் லீவு தருவாங்கன்னு சொன்னாங்க மேடம். முருகன்கிட்ட மன்னிப்பு கேட்டுகினுதான் எழுதினேன்."

புது ஷூ கேட்ட ராஜினாமா

அதே வாரம், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பிலிருந்து ஞானசேகரனின் ராஜினாமா வந்தது. தண்டலத்தில் வாடகை வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். மேனேஜர் பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்து விழுந்தால் அந்த மனுஷன் பிழைப்பு போச்சு. "ஒரு நிமிஷம் சார்" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன்.

வேலையை விடுகிறேன் என்பது ஒரே வரி. மற்றதெல்லாம் சிவப்பு. 'மூணாம் நம்பர் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்கிற கார்டு லூசாக இருக்கிறது, சரி பண்ணுங்கள். அதுவரை அந்த மெஷினில் யாரையும் விடாதீர்கள். அடுத்த மாதம் புது ஷூ தரும்போது எனக்கு எட்டாம் சைஸ் போடுங்கள்.' "போறவருக்கு எதுக்கு சார் புது ஷூ?" என்றேன். மேனேஜர் பேனாவை மூடினார்.

நேரே ஷாப்புக்குப் போனோம். மேனேஜர் தொட்டதும் கார்டு கையோடு வந்துவிட்டது. மெஷினை அப்போதே நிறுத்தி, ராஜினாமாவை ஞானசேகரன் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார் மேனேஜர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞானசேகரன்தான் சொன்னார்: "சூப்பர்வைசர்கிட்ட மூணு தபா சொன்னேன் மேடம், காதுலயே வாங்கல. வேலைய வுடறேன்னு எழுதினாதான் முழுசா படிக்கிறீங்க."

அதற்குப் பிறகு என் சிவப்புக் கோடு இல்லாமல் எங்கள் ஆபீசில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பென்சிலுக்குப் பயந்து, சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தையே விட்டுவிட்டார்.