கண்டக்டரின் எட்டு விநாடி

மைதானத்தில் ஸ்டம்பு பறப்பதற்கும், அதை வீட்டில் டிவி பார்ப்பவர் காண்பதற்கும் நடுவில் ஏழெட்டு விநாடி கழிகிறது. அந்த எட்டு விநாடியில்தான் கண்டக்டரின் பிழைப்பு ஓடியது.

உண்மையில் அவர் கண்டக்டராக இருந்தது பழைய கதை. பதினாறு வருடம் நகரப் பேருந்தில் வேலை பார்த்தார். பிறகு எல்லா வண்டிகளிலும் அட்டையை உரசும் பெட்டியைப் பொருத்தினார்கள். கண்டக்டர்களை ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் கண்டக்டர், கடையில் கண்டக்டர், மனைவிக்குக் கோபம் வந்தால் வீட்டிலும் கண்டக்டர்.

பேருந்தோடு போகாத இன்னொன்று அவருடைய கட்டைவிரல். மூச்சு விட இடமில்லாத நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் டிக்கெட் மெஷினைப் பார்க்காமலே பொத்தான்களை அழுத்துவார். தப்பு வராது. அதைத் தினமும் பார்த்திருந்த பழைய பயணி ஒருவர்தான் வேலை இல்லாத எட்டாவது மாதத்தில் அவரைத் தேடி வந்தார். "உங்க விரலுக்கு ஒரு வேலை இருக்கு," என்றார்.

ஒருநாள் போட்டித் தொடர்கள் நடக்கும்போது மைதானத்துக்குப் போய் உட்கார வேண்டும். டிக்கெட்டை அவர்களே அனுப்பிவிடுவார்கள். கால்சட்டையின் வலது பையில் பழைய பொத்தான் போன். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை லைன் திறந்தே இருக்கும். ரன் இல்லையென்றால் சைபர், ஒரு ரன்னுக்கு ஒன்று, நாலுக்கு நாலு, சிக்ஸருக்கு ஆறு. ஐந்தாம் பொத்தான்மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரல் அங்கிருந்து வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பேட்ஸ்மேன் அவுட் ஆனதுபோலத் தெரிந்தால் முதலில் ஏழு. 'பொறு' என்று அர்த்தம். நோ பால் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஒன்பது. மறுமுனையில் ஒருவர் அந்தப் பொத்தான் ஒலியைக் கேட்டு, டிவியை நம்பிப் பந்தயம் கட்டுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு எதிராக, அந்த எட்டு விநாடிக்குள் பணத்தைப் போடுவார்.

கண்டக்டர் தன் வாழ்க்கையில் ஒரு பந்தயமும் கட்டியதில்லை. இதைத் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

வீட்டில் ஏதோ புள்ளிவிவரக் கம்பெனி என்று சொல்லியிருந்தார்.

"ஸ்கோர் எழுதறதுக்கா இவ்வளவு சம்பளம்?" என்றாள் மனைவி.

"இன்டர்நேஷனல் ஸ்கோர்."

"ஓ! அதான் இன்டர்நேஷனல் தூக்கமின்மையா?"

தூக்கம் போனது உண்மைதான். காலரிகளின் படிகளில் மைதானக் காவலுக்கான ஆரஞ்சு சட்டைக்காரர்கள் பைனாகுலரோடு நடப்பார்கள். அவர்கள் மேட்ச் பார்ப்பதில்லை. மேட்ச் பார்க்கிறவர்களைப் பார்ப்பார்கள். தனியாக வந்தவன், பைக்குள் கை வைத்தவன், சிக்ஸருக்கு எழுந்து நிற்காதவன். தொடரின் இரண்டாவது மேட்சில் பக்கத்துக் காலரியிலிருந்து ஒருவனை அள்ளிக்கொண்டு போனார்கள். அவனும் இதே தொழில். அவன் நாற்காலியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் மட்டும் கடைசி ஓவர்வரை நின்றது. அடுத்த மேட்சுக்கு அவன் புகைப்படம் எல்லா வாசலிலும் ஒட்டப்பட்டிருந்தது.

அன்று மாலையே வேலை கொடுத்தவர்களின் மேனேஜர் போன் செய்தார். மேனேஜரைக் கண்டக்டர் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான், மரியாதைக்குக் குறைவே இருக்காது. "இனிமே தனியா வராதீங்க சார். குடும்பத்தோட வாங்க. அரையிறுதிக்கு ரெண்டு டிக்கெட் அனுப்பறோம்."

மனைவிக்குக் கிரிக்கெட் என்றாலே கொட்டாவி. மிச்சம் இருந்தது மாமனார்.

மாமனார் இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். அதில் ஒன்பது வருடம் கண்டக்டர் அவர் வண்டியில்தான் இருந்தார். வண்டிக்குள் இருவரும் அதிகம் பேசியதில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. மாமனார் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒரே ஒரு தடவை, ஒரு கிழவர் படியில் ஒரு காலை வைத்திருக்கும்போதே, அவசரத்தில் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். கிழவருக்கு முழங்கை உடைந்தது. மாமனார் அன்று திட்டவில்லை. டெப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு, "எனக்குப் பின்னாடி கண்ணு கிடையாது. உன் விசில்தான்," என்று மட்டும் சொன்னார். ஒரு வருடம் கழித்து மகளைக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து 'நீ' என்பது 'நீங்க' ஆயிற்று.

இப்போது இரண்டு டிக்கெட்டையும் காட்டியதும் மாமனார் அலமாரியிலிருந்து பழைய டிரைவர் தொப்பியைத் தேடி எடுத்தார். "மருமகன்னா இப்படி இருக்கணும்," என்று எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சொன்னார்.

அரையிறுதி பகல் ஆட்டம். காலரி நிரம்பி வழிந்தது. மாமனார் பந்து போடுபவன் ஓடி வரும்போதெல்லாம் வலது காலை முன்னால் நீட்டி, இல்லாத பிரேக்கை அழுத்தினார். முன்வரிசை நாற்காலி ஒவ்வொரு பந்துக்கும் ஆடியது. அதில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"மாப்ள, கையை வெளிய எடுங்க. பைக்குள்ள கோழிக்குஞ்சா வளர்க்கறீங்க?"

"பழக்கம் மாமா. சில்லறைப் பை ஞாபகம்."

"பதினாறு வருஷமா எல்லார்கிட்டயும் சில்லறை இல்லைன்னு சொன்ன ஆளு! இப்ப சில்லறைப் பை ஞாபகமாம்!"

முன்வரிசைப் பெண் சிரித்துவிட்டாள். கண்டக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றை அழுத்தினார். பிறகு சைபர். பிறகு நாலு, நாலுக்கு எழுந்து நின்று இடது கையை ஆட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. வெயில் என்று மாமனார் நினைத்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நாற்பத்தேழாவது ஓவர். இருபத்துநாலு பந்தில் முப்பத்தொரு ரன் வேண்டும். தொண்ணூறைத் தாண்டிய பேட்ஸ்மேன் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்கும்வரை ஆட்டம் உள்ளூர் அணியின் கையில். அப்போதுதான் கீழ்ப்படியிலிருந்து ஓர் ஆரஞ்சு சட்டை ஏறி வந்தது. வரிசைக்கு வரிசை நின்று, முகம் முகமாகப் பார்த்து ஏறியது.

டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கக் கண்டக்டரிடம் ஒரு வழி இருந்தது. எடுக்காதவன் ஜன்னலையே வெறித்துப் பார்ப்பான். கண்டக்டர் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டான். இப்போது தானும் ஆரஞ்சு சட்டையைத் தவிர்த்துவிட்டு மைதானத்தையே வெறித்துக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது. மூன்று வரிசை. இரண்டு வரிசை. இந்தப் பந்து முடிந்ததும் கையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பந்து வந்தது. நடு ஸ்டம்பு பறந்தது.

கட்டைவிரல் ஏழைத் தாண்டி நேராக ஒன்பதில் விழுந்தது. கை பையை விட்டு வெளியே வந்தது.

காலரி செத்துப்போன மாதிரி அமைதியானது. பேட்ஸ்மேன் தலையைக் குனிந்து நடக்கத் தொடங்கினான். ஆரஞ்சு சட்டை அவர்கள் வரிசையைக் கடந்து மேலே போனது. அப்போது மைதானத்தில் சைரன் அலறியது. பெரிய திரையில் பந்து போட்டவனின் கால், கோட்டுக்கு ஒரு விரல் அளவு வெளியே.

"நோ பால்! மாப்ள, நோ பால்!"

மாமனார் குதித்தார். கண்டக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு குதித்தார். டிரைவர் பிடி; ஸ்டியரிங்கைப் பிடித்த கை. கண்டக்டர் உருவப் பார்த்தார், முடியவில்லை. ஏழாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஏழு, ஏழு, ஏழு. ஊரெல்லாம் எட்டு விநாடி கழித்து அதே நோ பாலுக்கு ஆர்ப்பரித்திருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும், பேட்ஸ்மேன் அவுட் என்று நம்பி, கையிலிருந்ததை எல்லாம் கொட்டியிருப்பார்கள்.

மாமனார் கையை விட்டபோது பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திறந்திருந்த லைனை வெட்டிவிட்டுத் திரும்ப அழைக்கிறார்கள். எடுக்காமல் இருக்கத்தான் அதிகப் பயமாக இருந்தது. எடுத்தார்.

"சார், என்ன ஆச்சு உங்க விரலுக்கு?" மேனேஜரின் குரல் உயரவே இல்லை.

"தப்பாயிடுச்சு. கை... கையைப் பிடிச்சிட்டாங்க..."

"பார்த்தோம் சார். தொப்பி போட்டிருக்காரே, அவர்தான் உங்க மாமனாருங்களா?"

கண்டக்டர் நிமிர்ந்து காலரியைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாக் குதிக்கிறார். இந்த வயசுல முழங்காலைப் பார்த்துக்கச் சொல்லுங்க. அங்கேயே உட்கார்ந்திருங்க சார், ஆள் வருது. பேசிக்கலாம்."

லைன் துண்டிக்கப்பட்டது. இருக்கை எண் அவர்களுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கியதே அவர்கள்தான். தன்னுடையது மட்டுமல்ல, பக்கத்து எண்ணும்.

"யாரு மாப்ள? முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு?"

கண்டக்டர் சொன்னார். புள்ளிவிவரக் கம்பெனி பொய், பைக்குள் போன், இப்போது செய்த தப்பு, வரப்போகிற ஆள். நாலு வாக்கியம். ஃப்ரீ ஹிட் பந்து சிக்ஸருக்குப் போனது. காலரி முழுக்க எழுந்து நின்றது. அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் வலது கால் மெல்ல நீண்டு, இல்லாத பிரேக்கை அழுத்தி, அங்கேயே நின்றது.

"பின்னாடி யாரு இருக்கா?" என்றார், திரும்பாமல்.

"மேல் வாசல்ல ரெண்டு பேர். சிக்ஸரைப் பார்க்கல. நம்மளத்தான் பார்க்கறாங்க. படியில இறங்கறாங்க."

"ஆரஞ்சு சட்டை எங்க?"

"மேல போனவரைக் காணோம். கீழ் வாசல்ல இன்னொருத்தர் நிக்கறார். ஆனா அங்க போனா என்னைப் பிடிச்சிடுவாங்க மாமா. போட்டோ ஒட்டுவாங்க. போலீஸ்..."

"பிடிக்கட்டும்," என்றார் மாமனார். "எழுந்திரு. நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி பார்த்துட்டு வா."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த 'நீ'. கண்டக்டருக்கு அதில் ஒரு கணம் அழுகை வந்தது. ஆனால் நேரம் இல்லை.

மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கண்டக்டர் பின்னால், அவர் தோளில் கை வைத்தபடி. தோளில் இரண்டு தட்டு, நடந்தார். குறுக்கே ஒருவர் சோளப்பொரிப் பொட்டலத்தோடு வந்தார். ஒரு தட்டு, நின்றார். மறுபடி இரண்டு தட்டு. ஒரு தடவைகூட மாமனார் தலையைத் திருப்பவில்லை. பின்னால் வந்த இருவரும் வேகமாக வரவில்லை. வாசலுக்கு நாலு படி இருக்கும்போது பையில் போன் மறுபடி அதிரத் தொடங்கியது. கண்டக்டர் அதிர்கிற போனை எடுத்து ஆரஞ்சு சட்டைக்காரரின் கையில் வைத்தார்.

"நீங்க தேடறது இதுதான் சார்."

பின்னால் வந்த இருவரும் கூட்டத்துக்குள் மறைந்துபோனார்கள்.

காலரிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கண்டக்டரைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதினார். மேலே கூரை அதிர்ந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. மாமனாரைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள்.

"இவர் உங்களுக்கு யாரு?"

மாமனார் சற்று நேரம் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வண்டி கண்டக்டர்," என்றார்.

மாப்பிள்ளை என்று ஏன் சொல்லவில்லை? கோபமா, வெறுப்பா? கண்டக்டருக்கு அது புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

வழக்கு உண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் சாமான் வண்டி போகிற வாசல் வழியாக இருவரையும் அனுப்பினார்கள். பேருந்தில் மாமனார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். தொப்பி மடியில். கண்டக்டர் ஏறுகிறவர்களை எண்ணினார். ஸ்டேடியம் நிறுத்தத்தில் பதினொரு பேர். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் மட்டும் கடைசி இருக்கையில் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் இறங்கினார்கள். அவனும் இறங்கினான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் கடைகள் திறந்திருந்தன. ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வீடு இன்னும் இரண்டு திருப்பம். மாமனார் முன்னால் நடந்தார். தொப்பியை முழங்காலில் தட்டிக்கொண்டே போனார்.

"வர்றானா?" என்றார், திரும்பாமல்.

இரண்டு தட்டு தட்டியிருக்கலாம். மாமனார் நிம்மதியாக நடந்திருப்பார், வீடு வந்திருக்கும். வீட்டின் கதவு எது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கண்டக்டரின் கை தோள்மேல் தூக்கியபடியே நின்றது. பிறகு ஒரே ஒரு தட்டு.

மாமனார் நின்றார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் முறையாக, திரும்பிப் பார்த்தார்.

சாம்பல் சட்டையும் இருபதடி தள்ளி நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். சைக்கிள்காரர் பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவன் அவசரப்படாமல் பையிலிருந்து போனை எடுத்து, உயர்த்தி, ஒரு படம் பிடித்தான். சரியாக விழுந்ததா என்று பார்த்தான். பிறகு நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்து, அடுத்து வந்த பேருந்தில் ஏறிப் போனான்.

அதன்பிறகு யாரும் வரவில்லை. வீடு மாற்றினார்கள். கண்டக்டர் இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி ஏற்றுகிறார். விரலுக்கு வேலை இல்லை. வழக்கில் அபராதம் கட்டியாகிவிட்டது. ஸ்டேடியத்தின் எல்லா வாசலிலும் அவர் படம் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் தனியாக இருக்கிறார். தெருவில் எடுத்த இன்னொரு படம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. அதில் இருவர் இருக்கிறார்கள்.

மாமனார் 'நீங்க'வுக்குத் திரும்பிவிட்டார். டிவியில் மேட்ச் ஓடும்போது கால் பிரேக்கை அழுத்துகிறது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டுகிறார்கள்.

ஒருநாள் ஓவர் இடைவேளையில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமனார் கேட்டார்.

"மாப்ள, அந்தப் பய படம் எடுத்தானே. அப்ப நான் தொப்பி போட்டிருந்தேனா? போட்டிருந்தா முகம் சரியாத் தெரியாது."

கண்டக்டரும் திரையையே பார்த்தார்.

"இல்ல மாமா," என்றார். "கையில வச்சிருந்தீங்க."