கல்லில் மூன்று எழுத்து

2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பனி விலகவில்லை; பள்ளிக்கூட வாசலிலிருந்து கொடிக்கம்பம் பாதிவரைதான் தெரிந்தது. மறுநாள் கொடியேற்றும்போது திறப்பதற்காக, போருக்குப் போன எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்க்கல்லை அங்கே நட்டிருந்தார்கள். பதினான்கு பெயர்கள். மூன்றாவது என் தாத்தாவுடையதாக இருக்க வேண்டும். அங்கே அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. அந்த மனிதர் எங்கள் மலையடிவாரத்து ஆலங்காயத்தைத் தாண்டிப் போனதே இல்லை.

கல் வெட்டுபவர் கடைசிப் பெயருக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார்.

"மெடல்ல இன்னா இருந்துச்சோ அத்தான் சார் வெட்னேன். நீங்கதான குடுத்தீங்க?"

தாத்தாவின் போர்ப் பதக்கத்தை நான்தான் கொடுத்தேன். கூடவே சரியான பெயரை ஒரு சீட்டில் எழுதியும் அனுப்பினேன். சீட்டு அவரிடம் போய்ச் சேரவில்லையாம்.

தாத்தா பட்டாளத்தில் சேர்ந்த அன்று நடந்த தவறு இது. பெயர் கேட்ட எழுத்தரிடம், மலையில் சொல்கிற வழக்கப்படி, 'இன்னார் மகன்' என்று தொடங்கியிருக்கிறார். முதலில் காதில் விழுந்ததை எழுத்தர் எழுதிக்கொண்டார். ஐந்து வருடம் அப்பா பெயரைக் கூப்பிட்டால் தாத்தா எழுந்து நின்றார்.

பாலைவனத்தில் அவர் தண்ணீர் லாரி ஓட்டினார். ஒரு நாள் நடுப்பகலில் மணற்புயல் வந்து, லாரியை விட்டுப் போன ஒன்பது பேருக்குத் திசை தெரியவில்லை. எதிரி அருகிலேயே இருந்ததால் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. தாத்தா லாரியின் மேல் ஏறி நின்று, பனியில் தவறிய மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி கூவினார். தோளில் குண்டு பட்ட பிறகும் நிறுத்தவில்லை; ஒன்பதாவது ஆள் வந்து லாரியைத் தொட்ட பிறகுதான் இறங்கினார். இதை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் ஒன்பது பேர்தான். அதனால் நம்புகிறேன்.

"அழிச்சி மாத்த முடியாது சார், கல்லு ஒடைஞ்சிடும். பக்கத்துல மூணெழுத்துக்கு எடம் கீது. அதுக்கு மேல போவாது."

தாத்தாவின் பெயர் ஆறு எழுத்து. விரலால் நான்கு முறை அளந்து பார்த்தேன். ஐந்தாவது முறையும் மாறாது என்று தெரிந்தது.

"அந்தப் பேருக்குப் பின்னால 'மகன்'னு வெட்டுங்க."

"அவரு பேரே இல்லாமயா?"

"அன்னைக்கு அவரு வாயால சொன்னது அதுதாங்க."

அவர் உளியை எடுத்தார். "எழுத்துக்கு நூத்தியிருவது."

"'ன்'னுங்கறது பாதி எழுத்துதான. அதுக்கும் முழு ரேட்டா?"

"புள்ளிக்குத் தனியா கேக்கலன்னு சந்தோசப்படுங்க சார்."

எட்டு முப்பத்தைந்துக்கு முடித்தார். மூன்று எழுத்துக்கு முந்நூற்று அறுபது, கறுப்புப் பூச்சுக்கு நாற்பது, இரண்டு டீக்கு இருபத்து நான்கு. மொத்தம் நானூற்று இருபத்து நான்கு ரூபாய்.