ஒரு கோடும் ஒன்பதரை மணி நேரமும்

போன ஞாயிறு விடியும்போதே பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா போய்விட்டார். மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம்தான் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க, இந்த வாரம் பத்தியில யாரை ஓட்டப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அவரைப் பற்றியே எழுதுவேன் என்று யார் கண்டது?

அக்காவின் கணவர் சாதிக் அண்ணன், பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் மேனேஜர். ஒரே மகன் அஸ்லம் ஜெர்மனியில்.

இரண்டு ஏர்போர்ட் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்கிற வெப்சைட்டுகள் இருக்கின்றனவே... கம்பெனிப் பையன்கள் அதைப் பார்த்து சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குத் தேதி கொடுத்தால் அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மேப்புல கோடு போட்டா ஃபிளைட் வந்துருமா கண்ணு? கனெக்‌ஷன், கஸ்டம்ஸ், லீவு நாளு... ரெண்டு நாள் சேர்த்துச் சொல்லு!" திருப்பூரில் இந்த 'ரெண்டு நாள்' சேர்க்காமல் யாரும் தேதி சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்ட அண்ணன் அன்று அதே வெப்சைட்டைத் திறந்தார். ஃபிராங்ஃபர்ட் — கோவை.

"ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானுங்க. ஒன்பதரை மணி நேரம். பையன் சாயங்காலம் வந்துருவான்!"

அடக்கத்தைத் தள்ளிப்போடுவது அவர்கள் வழக்கமில்லை. மதியமே எடுத்துவிடலாம் என்றிருந்த ஜமாத் பெரியவர், "பெத்த மகன்... சாயங்காலம் மஃரிப் தொழுகை வரைக்கும் பாக்கலாமுங்க" என்றார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் எக்ஸ்போர்ட் ஆட்கள். அந்த 'ரெண்டு நாள்' கணக்கு தெரிந்தவர்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மதியம் அஸ்லமே கூப்பிட்டான்.

"அத்தா... நேர் ஃபிளைட்டே கிடையாதுங்கத்தா. இன்னைக்கு சீட்டும் இல்லை. துபாய்ல மாறி செவ்வாக்கிழமை காலைலதான் வருவேன். அதுவரைக்கும் அம்மாவ..."

அண்ணன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மாவைக் காக்க வைக்கக் கூடாது கண்ணு," என்றார் அண்ணன்.

வீடியோ காலில் முகம் காட்டினோம். போனைப் பிடித்தது நான். "அத்தை, கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றான். காட்டினேன். "இன்னும் கிட்ட..." என்றான். இன்னும் எவ்வளவு கிட்டப் போவது, சொல்லுங்கள்? எனக்கு அழுகை தாங்கவில்லை.

செவ்வாய் காலை பெட்டியோடு நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனான். அங்கே காத்திருந்த அண்ணன், ஈரம் காயாத அந்த மண்ணுக்குப் பக்கத்தில் மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாராம்.

"ரெண்டு நாள் சேர்க்க மறந்துட்டேன் கண்ணு..."

மறதியா அண்ணா அது? எந்த அப்பனுக்கு அன்றைக்கு அதைச் சேர்க்க மனசு வரும்?

சரக்கு லேட்டானால் அடுத்த ஷிப்மென்ட்டில் சரிக்கட்டலாம். அம்மாவுக்கு ஏது அடுத்த ஷிப்மென்ட்?