படலைக்கு வெளியே போட்ட வாங்கு

முன்விறாந்தையில் ஆட்கள் குந்தியிருக்கக் கிடந்த நீட்டு மர வாங்கை வேலிப் படலைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டது மச்சாள்தான், என் கணவரின் அக்கா. ஒரு கால் நிலத்தில் இழுபட இழுபட, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தனியாகவே இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

கணவர் காலமான பிறகு நானும் மச்சாளைப் போல நிவாரணப் பணத்தில்தான் இருந்தேன். மாதத்தில் ஒருநாள் எங்கள் இறுப்பிட்டியில் பஸ் ஏறிப் போய் இருவரும் ஒன்றாக வரிசையில் நிற்போம். உண்மையைச் சொன்னால், அங்கே எனக்கு வெட்கம் வந்ததில்லை. எல்லோரும் நிற்கிற இடத்தில் யாருக்கு யார் வெட்கப்படுவது? பகிடியும் ஊர்க்கதையுமாக வெயில் போய்விடும். பிறகு சுயதொழிலுக்கு உதவி கிடைத்தது. அதை எடுத்தால் கொஞ்சக் காலத்தில் நிவாரணத்திலிருந்து பெயர் வெட்டுப்படும் என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் விறாந்தையில் தேத்தண்ணிக்கடை போட்டேன்.

வெட்கம் அங்கேதான் எனக்காகக் காத்திருந்தது. நயினாதீவுக்குப் படகேறப் போகிறவர்களின் வான்கள் நிற்காமலே போயின. வந்தவர்கள் எல்லாம் ஊரவர், உறவுக்காரர். படலையைத் திறந்து வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் பக்கத்தில் அது பெரிய குறை. கொடுத்துவிட்டுக் காசுக்குக் கை நீட்டுவது எப்படி? அவர்கள் குடித்துவிட்டு, "அப்ப வாறன் பிள்ளை" என்று எழும்புவார்கள். நான் "ஓம், ஓம்" என்று நிலத்தைப் பார்ப்பேன். சீனிப் போத்தல்தான் இறங்கிக்கொண்டே போனது. பெயர் வெட்டுப்படும் காலமும் வந்துவிட்டது. கடையும் படுத்தால் எனக்கு இரண்டும் இல்லை.

அப்போதுதான் மச்சாள் வாங்கை வெளியே இழுத்தார். அதில் இருந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு பிளேன்ரீ கேட்டார். உள்ளே வரச் சொன்னேன்.

"உள்ளுக்கு வந்தா நான் உம்மடை மச்சாள். இஞ்சை இருந்தா யாவாரத்துக்கு வந்த ஆள். தேத்தண்ணியைக் கொண்டாரும்."

குடித்துவிட்டுக் காசை நீட்டினார். என் கை எழும்பவில்லை. மதகடியில் நின்ற இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடியும். நீர் என்னட்டை வாங்காட்டி அவையும் தரமாட்டினம்."

வாங்கினேன். முகம் எரிந்தது. அதற்கு முதல்நாள்தான் இருவருமாக வரிசையில் நின்று காசு எடுத்திருந்தோம்; எனக்கு அது கடைசித் தடவை. அவர் நீட்டியதும் அந்தக் காசுதான்.

அதன் பிறகு வாங்கில் இருந்தவர்கள் காசு தந்தார்கள். படலைக்குள் வந்தவர்கள் விருந்தாளிகள். யாரும் சொல்லாமலே ஊர் அதை விளங்கிக்கொண்டது. கடை நிமிர்ந்தது. மச்சாள் மட்டும் அன்றிலிருந்து படலைக்குள் வரவேயில்லை.

அடுத்த நிவாரண நாளில் அவர் தனியாக வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, நான் அடுப்பு ஊதுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"கடைக்காரியம்மா, புகைக்குள்ளை ஒளிச்சது போதும். போயிட்டு வந்து குடிக்கிறன்."

இப்போது வான்களும் நிற்கின்றன. மச்சாளுக்கு வயது போய்விட்டது. இன்னும் நிவாரண நாளில் வரிசையில் நின்றுவிட்டு, பஸ்ஸால் இறங்கி நேரே வாங்குக்குத்தான் வருகிறார். காசு வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிவிட்டார். அதனால் வாங்குகிறேன், முகத்தைப் பார்க்காமல். ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

அதையும் கண்டுபிடித்துவிட்டார். இப்படிப் போட்டால் யாவாரம் படுத்துவிடும் என்று ஏசிக்கொண்டே குடிக்கிறார்.